மூன்று அங்குலத்துக்கு மேற்பட்ட கத்தி

"எழுபத்தெட்டுப் புள்ளி நாலு," என்றார் ஜெகதீசன்.

தொலைபேசியின் மறுமுனையில், பர்மிங்காமில், ஏழு மாதக் கர்ப்பிணியான அவருடைய மகள் தீபா பதறிப் போனாள்.

"என்னப்பா எழுபத்தெட்டு? சுகரா?"

"கத்தி. அலகோட நீளம். மில்லிமீட்டர்ல."

"அப்பா, நான் கேட்டது சுண்டைக்கா வத்தல் எடுத்து வெச்சாச்சான்னு."

"அத உங்கம்மா பாத்துப்பா. நீ போன வாரம் மூணு இஞ்சுன்னு சொன்னியே, அத எங்கேருந்து எங்க வரைக்கும் அளக்கறாங்க? பிடி முடியற எடத்திலேருந்தா, கூர் ஆரம்பிக்கற எடத்திலேருந்தா?"

"கூர் இருக்கற பாகம்தான்ப்பா. கேட்டுக்கங்க, கடைசி தடவையா சொல்றேன். மடக்கற கத்தியா இருக்கணும். கூரு மூணு இஞ்சத் தாண்டக் கூடாது. விரிச்சா லாக் ஆகக் கூடாது. இதுல ஒண்ணு இடிச்சாலும் பாக்கெட்ல வெச்சிக்கிட்டுத் தெருவுல நடக்கறதே குத்தம். போலீஸ் நிறுத்தினா சரியான காரணம் சொல்லணும். 'எப்பவும் வெச்சிருப்பேன்'கறது காரணமில்ல. பேசாம அத வீட்லயே வெச்சிட்டு வாங்க."

"மூணு இஞ்சு," என்றார் ஜெகதீசன், மற்றவை காதில் விழாதவராக. "எந்த வருஷத்துச் சட்டம்?"

"எண்பத்தெட்டுன்னு போட்டிருக்கு."

அவர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியிடம் திரும்பினார். முகத்தில், பதவி உயர்வு வந்த அன்றுகூடத் தோன்றாத ஓர் ஒளி.

"அம்சா, இங்கிலாந்துலயும் மூணு இஞ்சுதான். நான் வெச்ச அதே அளவு. அதே வருஷம்."

"அப்ப அவங்களும் வெளங்க மாட்டாங்க," என்றாள் அம்சவேணி, சுண்டைக்காய் வற்றலைப் பொட்டலம் கட்டியபடி.

ஜெகதீசன் வைத்த அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய புனே-மும்பை நெடுஞ்சாலையோரம் நாலாயிரம் பேர் வேலை செய்த ஒரு தொழிற்சாலையின் வாயிற்காவல் பிரிவில் அவர் முப்பத்து மூன்று ஆண்டுகள் இருந்தார். அவற்றுள் கடைசிப் பதினெட்டு ஆண்டுகள் அதன் மேற்பார்வையாளராக. உள்ளே வரும் பொருளுக்கும் வெளியே போகும் பொருளுக்கும் சீட்டு எழுதுவது அந்தப் பிரிவின் வேலை. சீட்டு இருந்தால் பொருள் போகும், சீட்டு இல்லாவிட்டால் போகாது என்பதே அவர் கற்ற, கற்பித்த ஒரே வாக்கியம். முப்பதாண்டு உழைத்து ஓய்வு பெற்ற ஃபிட்டர் ஒருவர், கழுத்தில் மாலையும் கையில் பரிசாகக் கிடைத்த சுவர்க் கடிகாரமுமாக வாயிலுக்கு வந்தார். கடிகாரத்துக்குச் சீட்டில்லை. மறுநாள் சீட்டோடு வந்து எடுத்துச் செல்லலாம் என்று ஜெகதீசன் பெருந்தன்மையோடு சொன்னார். மறுநாள் உள்ளே வருவதற்கு அந்த ஃபிட்டருக்கே சீட்டில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கடிகாரம் இன்றும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது.

1988இல் அவர் பிறப்பித்த சுற்றறிக்கை, தொழிலாளர்கள் சொந்தமாகக் கொண்டுவரும் கத்திகளைப் பற்றியது. மூன்று அங்குலத்துக்கு மேற்பட்டவை பறிமுதல் செய்யப்படும். உரியவருக்கு மஞ்சள் சீட்டு ஒன்று தரப்படும். விசாரணைக்குப் பிறகு பொருள் திருப்பித் தரப்படும். மதியச் சாப்பாட்டுக்கு வெங்காயம் நறுக்க வைத்திருந்தவை, கொய்யாப்பழம் பிளக்க வைத்திருந்தவை, சும்மா வைத்திருந்தவை எல்லாம் வரிசையாக இரும்பு அலமாரிக்குள் போயின. எந்த விசாரணையும் முடிந்ததாகப் பதிவில்லை. தொடங்கியதாகவும் இல்லை.

இப்போது அவர் கையில் இருந்த கத்தி அத்தகையதன்று. 2003 மே 31 அன்று, அவருடைய பிரிவு உபசார விழாவில், பிரிவின் நாற்பத்திரண்டு பேரும் சேர்ந்து வெல்வெட் பெட்டியில் வைத்துப் பரிசளித்தது. சிவப்புப் பிடி, உள்ளே கத்தி, ரம்பம், திருப்புளி, அரம் என்று எட்டுக் கருவிகள். அன்று மாலை அவர் தமக்குத் தாமே சீட்டு எழுதி, தாமே கையெழுத்திட்டு, வாயிலில் தாமே சரிபார்த்து அதை வெளியே கொண்டுவந்தார். அதன் பிறகு அது அவருடைய கால்சட்டைப் பையை விட்டு அகலவில்லை. "நாப்பத்திரண்டு பேர் மனசார வாங்கிக் குடுத்தது" என்று பால்காரர் முதல் பல் மருத்துவர் வரை எல்லோரிடமும் காட்டினார். தம்மையும் சிலர் விரும்பினார்கள் என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே ஆவணம் அதுதான். மனிதர் ஆவணமில்லாமல் எதையும் நம்பக்கூடியவர் அல்லர்.

பிரசவம் நவம்பர் கடைசியில். நவம்பர் பதினான்கில் விமானம். அக்டோபர் இருபத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் இருவருக்குமான விசா விண்ணப்பத்தைக் கொடுத்துவிட வேண்டும். அம்சவேணிக்கு இருந்த கவலை ஒன்றே: பிள்ளை வலி எடுத்துப் படுக்கும்போது தான் பக்கத்தில் இருக்க வேண்டும். ஜெகதீசனுக்கு இருந்த கவலையும் ஒன்றே. அது இரண்டு புள்ளி இரண்டு மில்லிமீட்டர்.

"ஏங்க, இன்னாத்துக்கு இந்தக் கத்தி? அவ வீட்ல கத்தி இருக்காதா?" என்றாள் அம்சவேணி.

"கேள்வி அது இல்ல."

"பின்ன எதுதான் கேள்வி?"

"மூணு இஞ்சுன்னா எழுபத்தாறு புள்ளி ரெண்டு. இது எழுபத்தெட்டுப் புள்ளி நாலு. கொறச்சிட்டா சட்டப்படி சரி. சட்டப்படி சரியா இருக்கற ஒரு பொருள நான் ஏன் விட்டுட்டுப் போகணும்?"

கசார்வாடியில் ரயில்வே கேட்டுக்கு அருகே இருந்த சந்து ஒன்றில் சாணைப் பட்டறைகள் நாலைந்து உண்டு. அவர் நுழைந்த பட்டறையின் சொந்தக்காரன், ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவரைப் பார்த்தான். பிறகு எழுந்து நின்றான்.

"சார், நீங்களா! வாங்க சார். என்னத் தெரியலையா? மெஷின் ஷாப்பு பவுன். டர்னர். பதினோரு வருஷம் உங்க முன்னாடி ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நின்னிருக்கேன்."

"டிக்கெட் நம்பர்?"

"நாலு நாலு ஒண்ணு ஏழு."

ஜெகதீசன் தலையசைத்தார். எண் சரியான இலக்கங்களில் இருந்தது; அதற்கு மேல் அதில் அக்கறை கொள்ள ஒன்றுமில்லை. கத்தியை எடுத்து நீட்டினார்.

பவுன் அதை உடனே வாங்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். மறுபடியும் ஒருமுறை துடைத்துக்கொண்டான். வாங்கியதும் இடது கட்டைவிரலால், பார்க்காமலே, அலகை விரித்தான்.

"இது எப்படி சார் உங்ககிட்ட?"

"ரிட்டயர்மெண்டுக்குக் குடுத்தது. நாப்பத்திரண்டு பேர் மனசார வாங்கிக் குடுத்தது."

பவுனுக்கு இருமல் வந்தது. சாணைத் தூசி பொல்லாதது என்று ஜெகதீசன் எண்ணிக்கொண்டார்.

"அதுல அரம் மட்டும் தெறக்கல. இந்த ரெண்டு வருஷமா முயற்சி பண்றேன். உற்பத்திக் குறைபாடு," என்றார்.

பவுன் பிடியைத் திருப்பிப் பலகையில் ஒரு தட்டுத் தட்டினான். அரம் வெளியே வந்தது. "ஒரு தட்டு தட்டணும் சார் இதுக்கு. அவ்ளோதான்."

கைத்தொழில் செய்கிறவர்களுக்கு இப்படிச் சில சில்லறைத் திறமைகள் உண்டு என்பதை ஜெகதீசன் மறுக்கவில்லை. விஷயத்துக்கு வந்தார். "ரெண்டு புள்ளி ரெண்டு மில்லிமீட்டர் கொறைக்கணும்."

"அந்த ரெண்டு புள்ளி ரெண்டுதான் சார் எப்பவும் தகராறு," என்றான் பவுன்.

கல் சுழன்றது. பொறி பறந்தது. ஜெகதீசன் தம்முடைய வெர்னியர் அளவுகோலோடு பக்கத்திலேயே நின்று மூன்று முறை நிறுத்தச் சொல்லி அளந்தார். முடிவில் எழுபத்தாறு.

"இனி லாக்க எடுக்கணும். விரிச்சா பூட்டிக்கக் கூடாது."

"லாக்க எடுத்தா கை மேலயே மடங்கும் சார். லாக் வெச்சிருக்கறதே விரலக் காப்பாத்தத்தான்."

"சட்டம் அப்படிச் சொல்லுது."

"சட்டத்துக்கு விரல் கெடையாதே சார்."

இந்த வகை வாதங்களை ஜெகதீசன் பதினெட்டு ஆண்டுகள் வாயிலில் கேட்டிருந்தார். ஒன்றுக்கும் பதில் சொன்னதில்லை. இப்போதும் பூட்டைத்தான் சுட்டிக்காட்டினார். பவுன் உள்ளேயிருந்த கொக்கியைத் தேய்த்து எடுத்துவிட்டுக் கத்தியை மடக்கினான். திருப்பித் தருவதற்கு முன் சற்று நேரம் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு?"

"அது இருக்கட்டும் சார். ஃபேக்டரி கேட்டுப் பக்கம் எப்பவாவது வருவீங்களா?"

"அங்க எனக்கென்ன வேலை?"

"வந்தீங்கன்னா பாக்கலாம்," என்றான் பவுன். "வீட்ல ஒரு பேப்பர் தேடணும்."

அன்று மாலையே, சட்டத்துக்கு உட்பட்ட கத்தியின் முதல் செயல்விளக்கம் வரவேற்பறையில் நிகழ்ந்தது. ஜெகதீசன் ஒரு கொய்யாப்பழத்தை எடுத்துக்கொண்டார். அம்சவேணி பார்வையாளர்.

"கவனி. விரிக்கறேன். பூட்டிக்கல. ஆக, இது ஆயுதம் இல்ல, கருவி. இப்ப இத இப்படி அழுத்தினா..."

அலகு பழத்தில் பாதி இறங்கி, அங்கே ஒரு கெட்டியான இடத்தைச் சந்தித்து, சட்டம் தனக்கு வழங்கிய உரிமைப்படி மடங்கியது. மடங்கிய இடத்தில் அவருடைய வலக்கை ஆள்காட்டி விரல் இருந்தது.

"அய்யய்யோ!" என்று அம்சவேணி துணிக்கு ஓடினாள். ஓடிக்கொண்டே சொன்னாள்: "கருவி!"

மருத்துவர், காயத்தின் சாய்வைப் பார்த்து, "பாண்டண் ஜாலா கா?" என்று கேட்டார். சண்டை எதுவும் நடக்கவில்லை என்பதை ஜெகதீசன் மராத்தியில் விளக்க முயன்றார். இங்கிலாந்துச் சட்டத்தையும் சேர்த்து விளக்கியதில், மருத்துவர் காயத்தை விட்டுவிட்டு நோயாளியின் கண்ணிமையை விரித்து டார்ச் அடித்துப் பார்த்தார். நான்கு தையல். பத்து நாளைக்கு விரலை மடக்கக் கூடாது.

அது அக்டோபர் பதினேழு.

விமான் நகரில் பயண முகவர் அலுவலகத்தில் அவர்களுடைய விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நஸ்ரின், புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள். வேலூர்க்காரரான தன் தகப்பனாரிடம் மட்டுமே தமிழ் பேசிப் பழகியவள். கட்டுப்போட்ட விரலோடு ஜெகதீசன் இட்ட கையெழுத்தையும் பாஸ்போர்ட்டில் இருந்த கையெழுத்தையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள்.

"அங்கிள், இது உங்க சைன் மாதிரியே இல்ல. இது... கியா போலூம்... எப்படிச் சொல்ல... எறும்பு போன மாதிரி இருக்கு."

"விரல்ல காயம்மா."

"அப்ப லெஃப்ட் தம்ப் வெச்சிடுங்க. அலவுட்தான்."

ஜெகதீசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கைநாட்டா? முப்பத்து மூணு வருஷம் கையெழுத்துப் போட்ட கைம்மா இது. இந்தக் கையெழுத்து இல்லாம ஒரு திருகாணி வெளிய போனதில்ல."

"வெச்சித் தொலைங்களேன்," என்றாள் பக்கத்தில் இருந்த அம்சவேணி. "திருகாணி போவலன்னா பரவால்ல. நான் போவணும்."

"அப்படீன்னா," என்றாள் நஸ்ரின், "உங்க பழைய கம்பெனிலேருந்து ஒரு லெட்டர். 'இவர்தான், சைன் இவரோடதுதான், கை அடிபட்டிருக்கு'ன்னு. அது போதும்."

"அதுக்கு அவசியமில்ல. நானே ஒரு விளக்கக் கடிதம் எழுதிட்டேன்," என்று ஜெகதீசன் ஒரு தாளை நீட்டினார். இரண்டு பக்கம். இடது கையால் தட்டச்சு செய்தது.

நஸ்ரின் படித்தாள். அவள் உதடுகள் அசைந்து, பிறகு அசையாமல் நின்றன.

"அரே அங்கிள்! 'என் கையெழுத்து மாறியதற்குக் காரணம், உங்கள் நாட்டுக்கு நான் கொண்டுவர உத்தேசித்துள்ள கத்தி'யா? விசா ஃபார்மோட கத்தி பத்தி லெட்டர் வெக்கறீங்களா?"

"எதையும் மறைக்கக் கூடாதும்மா. நீளம், பூட்டு இல்லாத விவரம், பெட்டியில போட்டுத்தான் கொண்டுவருவேன், விமானத்துக்குள்ள கையில வெச்சிக்க மாட்டேன், எல்லாம் எழுதியிருக்கேன். பின்னிணைப்புல படம்கூட இருக்கு."

"படமா?"

"அளவோட."

நஸ்ரின் அம்சவேணியைப் பார்த்தாள். அம்சவேணி கூரையைப் பார்த்தாள்.

"அங்கிள், இதப் பாத்தா அவங்க கேப்பாங்க. யார் கத்தி, எங்கேருந்து வந்துது, இந்த ஆளு ஏன் கத்தி பத்தியே பேசறாருன்னு. ஆன்ட்டியோட விசாவும் இதே ஃபைல்ல இருக்கு. ப்ளீஸ், கிழிச்சிடுங்க."

"கிழிக்க முடியாது. கடித எண் போட்டாச்சு."

"வீட்ல எழுதற லெட்டருக்கு யாருங்க நம்பர் பாக்கப் போறாங்க!" என்றாள் அம்சவேணி.

ஜெகதீசன் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. நஸ்ரின் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டது. அவள் சொல்ல வந்ததற்கு நேர்மாறான நியாயம். "யார் கத்தின்னு கேப்பாங்க. சரிதான். அப்ப ரெண்டு சான்றிதழ் வாங்கணும். ஒண்ணு, கையெழுத்து என்னுதுன்னு. ரெண்டாவது, கத்தி என்னுதுன்னு."

"நான் அப்படிச் சொல்லவே இல்ல அங்கிள்!"

வெளியே வந்ததும் அம்சவேணி ஆட்டோவில் ஏறி, அவர் ஏறுவதற்கு இடம் விடாமல் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். "வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்பேன். இந்தக் கத்தியால எனக்கு விசா வரலன்னா, அத்த வெச்சி நான் இன்னா பண்ணுவேன்னு எனக்கே தெரியாது. மூணு இஞ்சோ முப்பது இஞ்சோ."

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஜெகதீசன் தம்முடைய பழைய வாயிலில் நின்றார். காவலாளி புதியவன்.

"கைய தூக்குங்க."

அவர் தூக்கினார். கட்டுப்போட்ட ஆள்காட்டி விரல் வானத்தைச் சுட்டியது. காவலாளி பையில் கையை விட்டுக் கத்தியை எடுத்து, சுவரில் பதித்திருந்த பித்தளைத் தகட்டின் பள்ளத்தில் அதை விரித்து வைத்துப் பார்த்தான். மூன்று அங்குலப் பள்ளம். 1988இல் ஜெகதீசன் செய்வித்தது.

"சரியா இருக்கு. போகலாம்," என்றான்.

அவர் மனம் நிறைந்தது. ஒழுங்கு என்பது இதுதான்.

உள்ளே அவருடைய பழைய நாற்காலியில் லூர்து இருந்தான். ஒன்பது ஆண்டுகள் அவரிடம் வேலை பழகியவன். இப்போது அவனே மேற்பார்வையாளன். அவரைக் கண்டதும் பழக்க தோஷத்தில் எழுந்து நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

ஜெகதீசன் இரண்டு சான்றிதழ்களின் வாசகத்தையும் தாமே தயாரித்துக் கொண்டுவந்திருந்தார். முதல் தாளைப் படித்தபோது லூர்துவின் முகம் சாதாரணமாக இருந்தது. இரண்டாவது தாளில் அது மாறியது.

"சார், டீ சாப்பிடுறீங்களா?"

"முதல்ல கையெழுத்து."

"சார், கையெழுத்து சர்டிபிகேட்டு மட்டும் போதாதா? கத்தி எதுக்கு சார்? தொலஞ்சு போச்சுன்னு விட்ருங்களேன்."

"பொய் எழுதச் சொல்றியா? நாப்பத்திரண்டு பேர் பரிசளிச்சதுன்னு எழுது. உண்மைய எழுத என்ன தயக்கம்?"

லூர்து பிடரியைத் தேய்த்துக்கொண்டான். "முதல்லயே ஒரு சிக்கல் இருக்கு சார். நம்ம ஆபீஸ் பேப்பர்ல உங்க பழைய கையெழுத்து இருந்தாத்தான், அதோட ஒத்துப் பாத்து பர்சனல் டிபார்ட்மெண்ட்ல லெட்டர் குடுப்பாங்க. உங்க சர்வீஸ் புத்தகம் பென்ஷன் ஆபீசுக்குப் போயிடுச்சு."

"சீட்டுப் புத்தகங்கள் இருக்கே. ஒவ்வொரு தாள்லயும் என் கையெழுத்து."

"எரிச்சாச்சு சார். ஒரு வருஷம் முடிஞ்சா எரிச்சிரணும்னு உங்க ஆர்டர்."

"எரிச்சதுக்குச் சான்று?"

"இருக்கு சார். அதுல கையெழுத்து என்னோடது."

தம் விதி தம்மிடமே கச்சிதமாக வேலை செய்வதைக் கண்டு பெருமைப்படுவதா, வருந்துவதா என்பது ஜெகதீசனுக்கு விளங்கவில்லை. நாளை வெள்ளிக்கிழமை. வீட்டில் அம்சவேணி பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, எதையும் அடுக்காமல், அவருடைய வருகைக்குக் காத்திருந்தாள். முதல் முறையாக அவர் குரல் தணிந்தது.

"லூர்து, வேற எங்கயும் இல்லியாப்பா? பொண்ணு அங்க தனியா இருக்கு."

லூர்து அந்தக் குரலை ஒன்பது ஆண்டுகளில் கேட்டதில்லை. மேசையைப் பார்த்தபடி சொன்னான்: "ஒரே ஒரு எடத்துல இருக்கு சார். நம்ம சீட்டுதான். ஆனா அது ஆபீஸ்ல இல்ல, பார்ட்டி கையில இருக்கு. நீங்க ரிட்டயரான மறுமாசமே தூக்கிக்கிட்டு வந்தாரு."

"நல்லதாப் போச்சு. கூப்பிடு. முதல் சான்றிதழ முடிப்போம்."

"அவரக் கூப்பிட்டா ரெண்டாவதும் சேந்து முடிஞ்சிரும் சார்."

தாம் பழக்கிய பையன் இவ்வளவு வேகமாக வேலை செய்கிறானே என்று ஜெகதீசன் மெச்சிக்கொண்டார். லூர்து தொலைபேசியில் இரண்டே சொற்கள் பேசினான்.

பதினைந்து நிமிடத்தில் வாயிலில் ஒரு லூனா மொபெட் வந்து நின்றது. இறங்கியவன் பவுன். காவலாளி முன் பழகியபடி இரண்டு கைகளையும் தூக்கிவிட்டு உள்ளே வந்தான். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்து, அதற்குள்ளிருந்த மஞ்சள் சீட்டை மேசையில் விரித்து, ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

ஜெகதீசன் முதலில் பார்த்தது கையெழுத்தைத்தான். அச்சு அசல். பாஸ்போர்ட்டில் இருப்பதே. அந்தக் கடைசிச் சுழிப்பு, அதன் கீழ் இரண்டு புள்ளிகள். "இதேதான்!" என்றார். விரலின் வலி மறந்து போயிற்று. ஆயினும் எந்தத் தாளையும் முழுக்கப் படிக்காமல் ஏற்றுக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இல்லை. ஆகவே மேலிருந்து படித்தார்.

நாள்: 17-9-1992. மடக்குக் கத்தி ஒன்று. சிவப்புப் பிடி. கருவிகள் எட்டு, அவற்றுள் அரம், தட்டினால் மட்டுமே திறக்கும். அலகின் நீளம் 78.4 மி.மீ. அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மிகை 2.2 மி.மீ. உரியவர்: பவுன், டர்னர், 4417. விசாரணைக்குப் பிறகு திருப்பித் தரப்படும்.

கையெழுத்துக்கு மேலே இருந்த எழுத்துகளும் அவருடையவையே.

"சீட்டு இருக்கு சார்," என்றான் பவுன், மற்றக் கையை நீட்டி. "பொருளக் குடுங்க."

"இது... இது வேற கத்தி. சீட்டுல எழுபத்தெட்டுப் புள்ளி நாலு. இது எழுபத்தாறு."

"கொறச்சது நான்தான சார்."

"அப்படின்னா அன்னிக்கே பட்டறையில கேட்டிருக்கலாமே!"

"அன்னிக்குக் கையில சீட்டு இல்ல சார். சீட்டில்லாம கேட்டா நீங்க குடுப்பீங்களா?"

இந்தக் கேள்விக்கு ஜெகதீசனிடம் ஒரே பதில்தான் இருந்தது. அது அவருக்கு எதிரானது. பொருளைப் பெற்றுக்கொண்டவர் சீட்டை ஒப்படைக்க வேண்டும் என்பதும் அவர் எழுதிய விதியே. கையெழுத்து வேண்டுமானால் சீட்டு வேண்டும். சீட்டு வேண்டுமானால் கத்தியைக் கொடுக்க வேண்டும். பர்மிங்காமில் மகள், வீட்டில் திறந்த பெட்டியோடு மனைவி. அவர் இடது கையால் கால்சட்டைப் பைக்குள் துழாவிக் கத்தியை எடுத்துப் பவுனின் உள்ளங்கையில் வைத்தார். பவுன் விரலை எடுத்தான். சீட்டு அவரிடம் வந்தது.

பவுன் அரத்தை ஒரு தட்டுத் தட்டித் திறந்து பார்த்துவிட்டு, மடக்கி, பையில் போட்டுக்கொண்டு லூனாவை நோக்கி நடந்தான். வாயிலில் அவனை யாரும் நிறுத்தவில்லை, எழுபத்தாறு மில்லிமீட்டர்தான்.

ஜெகதீசன் சீட்டைப் பத்திரமாக மடித்துக்கொண்டு எழுந்தார். கதவருகே போனவர் திரும்பி, எஞ்சியிருந்த கம்பீரத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு சொன்னார்:

"கத்தி போனா போகட்டும், லூர்து. ஏதோ கடையில ஏமாந்து பழசா வாங்கிட்டீங்க, பரவால்ல. நாப்பத்திரண்டு பேரும் மனசாரக் காசு போட்டீங்களே, எனக்கு அது போதும்."

லூர்து எழுந்து நின்று, சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டான்.

"நாப்பத்திரண்டு பேரையும் கேட்டோம் சார். ஒருத்தரும் போட மாட்டேன்னுட்டாங்க. அதனாலதான் உங்க இரும்பு அலமாரியத் தெறந்தோம்."